பிக்கோலோவுக்காக இரண்டு புத்தகம்: டிராகன் பால் 6, 7

அகிரா தோரியாமாவின் டிராகன் பால் என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, விஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் பல அளவுகளில் போட்டிருக்கிறது. மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டிய தடித்த பதிப்பும் அதில் ஒன்று. மூலத்தில் 42 தொகுதிகள். இந்தப் பதிப்பில் 14 புத்தகங்கள். அந்தப் பதினாலில் ஆறாவதையும் ஏழாவதையும் பற்றித்தான் எழுத வந்தேன். காரணம் ஒரே ஒரு ஆள், பிக்கோலோ. பச்சை உடம்பு, கூர்க் காது, நெற்றிக்கு மேலே இரண்டு உணர்கொம்பு, வெள்ளைத் தலைப்பாகை, தோளில் பாரமான வெள்ளைப் போர்வை. கை எப்போதும் நெஞ்சோடு கட்டியபடி. முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. இப்படி ஒருத்தனில் எப்படி இவ்வளவு பாசம் வரும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு புத்தகத்தையும்தான் கையில் கொடுப்பேன்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் பம்பலப்பிட்டியில் இறக்குவேன். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஆனால் பன்னிரண்டரைக்கே போய் வரிசையில் வேனைப் போட்டால்தான் வாசலுக்குக் கிட்ட இடம் கிடைக்கும், பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டி வராது. அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வாசிப்பு நேரம். முன் சீட்டில் வருகிற ஏழாம் ஆண்டுப் பொடியன்தான் ஆறாவது புத்தகத்தைத் தந்தான். “அங்கிள், இதில ஒருத்தர் உங்களை மாதிரியே இருக்கிறார்” என்றான். ஏழாவதை செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் நானே வாங்கினேன். பிறகு ஆறாவதையும் எனக்கென்று ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

ஆறாவது புத்தகம் தொடங்கும்போது பிக்கோலோ எதிரி. சும்மா எதிரியும் இல்லை. இவனுடைய தகப்பன் ஒரு பிசாசு ராசா. கதாநாயகன் கோகுவின் கையால் சாகிற நேரத்தில் வாயால் ஒரு முட்டையைக் கக்கிவிட்டுச் சாகிறான். அதில் இருந்து பிறந்தவன்தான் இவன். பழி வாங்குவதற்கென்றே பிறந்த பிள்ளை. தாய் இல்லை, விளையாட்டு இல்லை, சின்ன வயசு என்ற ஒன்றே கிட்டத்தட்ட இல்லை. மூன்றே வருசத்தில் ஆளாகி, தற்காப்புக் கலைப் போட்டி மேடையில் கோகுவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். அந்தச் சண்டையில் கோகுவின் கைகால் எல்லாம் செயலற்றுப் போகின்றன. கடைசியில் தலையால் பாய்ந்து மோதித்தான் அவன் ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு, காயம் ஆற்றும் மந்திர அவரை விதையைத் தோற்றவனுக்கே கொடுத்துவிடுகிறான். பிக்கோலோ அதைத் தின்றுவிட்டு, ஒருநாள் உன்னை முடிப்பேன் என்ற தோரணையிலேயே பறந்து போகிறான். அந்த இடத்தில் நன்றி சொல்ல வைத்திருந்தால் கதை அங்கேயே கெட்டிருக்கும். தோரியாமா அந்தப் பிழையை விடவில்லை.

ஐந்து வருசம் கழிகிறது. வேறு கிரகத்தில் இருந்து கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் வந்து, கோகுவின் சின்ன மகன் கோஹானைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவனை எதிர்க்க வேறு வழி இல்லாமல் கோகுவும் பிக்கோலோவும் சேருகிறார்கள். கோகு அண்ணனைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, பிக்கோலோ விடுகிற கதிர் இரண்டு பேரையும் துளைத்துப் போகிறது. ராடிட்ஸ் செத்துப்போகிறான், கோகுவும் செத்துப்போகிறான். ராடிட்ஸை விடப் பலமான இரண்டு பேர் ஒரு வருசத்தில் வருவார்கள் என்ற செய்தி மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைக்குள் ஏதோ பெரிய சக்தி ஒளிந்திருப்பதைப் பிக்கோலோ கண்டுவிட்டான். தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பொடியனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

அவனுக்கு அப்போது கோஹான் ஒரு ஆயுதம். அவ்வளவுதான். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளையை ஆள் இல்லாத காட்டில் விட்டு, ஆறு மாதம் உயிரோடு இருந்து காட்டு, பிறகு சண்டை பழக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அது எனக்கு எத்தனை தடவை வாசித்தாலும் சரியாகப் படாது. பிள்ளைகளைப் பொறுப்பில் எடுக்கிற எவனுக்கும் சரியாகப் படாது. பிக்கோலோவில் பாசம் என்பதற்காக இதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்ட மாட்டேன்.

ஆனால் அன்றிரவு நடப்பதைப் பாருங்கள். முழு நிலவு வருகிறது. கோஹானுக்கு வால் இருக்கிறது. அவனுடைய இனத்துக்கு வாலோடு முழு நிலவைப் பார்த்தால் மலை அளவு குரங்காக மாறும் குணம். பொடியன் மாறிப்போய்ப் பாறைகளை நொறுக்குகிறான். பிக்கோலோ திகைத்துப்போய்ப் பார்க்கிறான், காரணம் நிலவுதான் என்று விளங்குகிறது, உடனே நிலவையே வெடிக்க வைத்துவிடுகிறான். குரங்கு சுருங்கி, துணி இல்லாமல் தூங்குகிற சின்னப் பிள்ளையாகிவிடுகிறது. இனித்தான் நான் சொல்ல வருகிற இடம். பிக்கோலோ கிட்ட வருகிறான். திரும்பவும் இப்படி ஆகக்கூடாது என்று வாலைப் பிடுங்குகிறான். பிறகு மந்திரத்தால் அவனுக்கு அளவான உடுப்பும் ஒரு வாளும் வரவைக்கிறான். குனிந்து தலையைத் தடவவில்லை. முகத்தில் ஒரு கோடும் இளகவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போகிறான்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். தோரியாமாவின் கோடு சுத்தமானது. பின்னணியில் அதிகம் வரையமாட்டார், இரவு என்றால் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பாறை, அவ்வளவுதான். அதனால் கண் நேரே உருவத்துக்குத்தான் போகும். உயரமான ஒருத்தன் நிற்கிறான், காலடியில் ஒரு பிள்ளை தூங்குகிறது. சக்தி மட்டும் வேண்டும் என்கிறவனுக்கு அந்தக் குரங்கு உருவம் நல்ல ஆயுதம்தானே, அதை ஏன் இல்லாமல் ஆக்க வேண்டும்? பிள்ளைக்கு உடுப்பு இல்லை என்பது அவன் கண்ணில் ஏன் பட வேண்டும்? தோரியாமா இதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டார். வாசிக்கிறவன் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

நிலவை உடைத்தது அதோடு முடியவில்லை என்பது இன்னொரு அழகு. ஏழாவது புத்தகத்தில், வருவார்கள் என்று சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருவனான வெஜிட்டா வந்து, தான் குரங்காக மாறுவதற்கு நிலவைத் தேடுகிறான். நிலவு இல்லை. கடைசியில் தன் சக்தியைச் செலவழித்துச் செயற்கையாக ஒன்றை உண்டாக்க வேண்டி வருகிறது. அந்த நேரம் பிக்கோலோ உயிரோடு இல்லை.

வெளியே முள், உள்ளே சுளை என்று பலாப்பழக் கதை சொல்லுவார்கள், இப்படியான ஆட்களைப் பற்றிக் கதைக்கும்போது. பிக்கோலோவுக்கு அது பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். முள்ளை வெட்டி எறிந்தால் உள்ளே வேறு ஒரு இனிப்பான பிக்கோலோ இருக்கிறான் என்று எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவனுடைய கடுமையேதான் அவனுடைய அக்கறை. பிள்ளையை ஏமாற்றமாட்டான், பொய்யாகப் புகழமாட்டான், பயமில்லை என்று கதை விடமாட்டான். ஒரு வருசத்தில் கொலைகாரர்கள் வருகிறார்கள், நீ தயாராக இருக்க வேண்டும் என்பான். ஆனால் அந்தப் பிள்ளையை விட்டுக் கண்ணை மட்டும் எடுக்கமாட்டான். எனக்கும் வேனில் பாட்டு இல்லை, சிரிப்புக் கதை இல்லை. பெல்ட் போடாமல் வேன் நகராது. நான் கதவைத் திறக்காமல் யாரும் இறங்கக்கூடாது, வாசலில் வீட்டு ஆள் நிற்காவிட்டால் பிள்ளையை இறக்கவும் மாட்டேன். மரீன் டிரைவில் மற்ற வேன்கள் பறக்கும்போது நான் மெதுவாகத்தான் போவேன். கடுமையான ஆள் என்று பெற்றோரே சொல்லுவார்கள். அதனால்தானோ என்னவோ பிக்கோலோவை எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சரி, ஏழாவது புத்தகம். இதில்தான் பிக்கோலோ சாகிறான். கதை தெரியாதவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் வாசியுங்கள். தெரிந்தாலும் அந்தப் பக்கத்தின் கனம் குறையாது.

வெஜிட்டாவோடு வந்த நாப்பா என்ற மலை மாதிரியான ஒருத்தன் கோகுவின் கூட்டாளிகளை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். கோஹான் முதலில் பயந்து உறைந்துபோகிறான். பாய வேண்டிய நேரத்தில் பாயாமல் ஓடிவிடுகிறான். பிக்கோலோவிடம் நல்ல ஏச்சு வாங்குகிறான், வீட்டுக்குப் போ என்றும் சொல்லப்படுகிறான். போகவில்லை. பிறகு ஒரு தருணத்தில் பொடியன் நாப்பாவை உதைத்து ஒரு பாறைக்குள் தள்ளிவிட, அவனுக்கு வெறி ஏறி, முழுச் சக்தியையும் திரட்டிப் பிள்ளையை நோக்கி விடுகிறான். கோஹானுக்குக் கால் எழும்பவில்லை. அந்த இடைவெளிக்குள் பிக்கோலோ வந்து நிற்கிறான், இரண்டு கையையும் விரித்தபடி.

புத்தகம் முழுக்க இவன் கையைக் கட்டியே நிற்கிறவன் என்று முதலில் சொன்னேன். போர்வைக்குள் ஒளிந்த கை, நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டிய கை. அந்தக் கை விரிகிறது இப்போது. தோரியாமா அந்தக் கட்டத்தில் ஒரு பெரிய வசனமும் போடவில்லை, ஒளியையும் அந்த உருவத்தையும் மட்டும் வைத்திருக்கிறார். புகை அடங்கிய பிறகும் பிக்கோலோ நின்றபடி இருக்கிறான். பிறகுதான் விழுகிறான்.

விழுந்து கிடந்து அவன் சொல்லுகிறவை மிகக் கொஞ்சம். பிசாசு ராசாவின் வாரிசான தான் ஒரு சின்னப் பொடியனைக் காப்பாற்றுவதற்காகச் சாகிறேனே என்று தன்னையே கேட்கிறான். உன் தகப்பனும் நீயும் என்னை இப்படி ஆக்கிவிட்டீர்கள் என்கிறான். தன்னோடு ஒழுங்காகக் கதைத்த ஒரே ஆள் நீதான், உன்னோடு இருந்த அந்த மாதங்கள் மோசம் இல்லை என்கிறான். மோசம் இல்லை. சாகிற நேரத்திலும் அதற்கு மேல் அவன் வாயில் வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர். செத்துவிடாதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். நான் வேன் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கத்தை முடித்தேன்.

மங்காவில் முரட்டுப் பாதுகாவலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வேனிலேயே வெஜிட்டா கட்சி ஒன்று உண்டு, பின் சீட்டுக்காரர்கள். வெஜிட்டாவும் கடைசிக் காலத்தில் மகனை ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டுத் தன்னை அழிக்கப் போவான். அதுவும் உருக்கமான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு அங்கே வந்து சேர மிக நீண்ட தூரம் தேவைப்பட்டது, அவன் காப்பாற்றப் போனதும் சொந்தப் பிள்ளையை. பிக்கோலோ காப்பாற்றியது தன் தகப்பனைக் கொன்றவனின் பிள்ளையை. பின் சீட்டுக்காரர்களோடு இந்த இடத்தில் எனக்கு வாக்குவாதம் வரும்.

இந்த இரண்டு புத்தகத்துக்கு வெளியே போகிறேன், மன்னிக்க வேண்டும். பிறகு நாமெக் கிரகத்தில் மந்திரப் பந்துகளை வைத்துப் பிக்கோலோவை உயிர்ப்பிக்கிறார்கள், அந்தச் சண்டைகள் எல்லாம் இருக்கின்றன, அவற்றை விடுங்கள். எனக்கு முக்கியம் இன்னும் பல தொகுதி தள்ளி வருகிற செல் என்ற அரக்கனோடான போட்டி. அந்தப் போட்டிக்குப் போக முன்பு கோஹான் பிக்கோலோவிடம்தான் போய், உங்களுடைய மாதிரி உடுப்பு வேண்டும் என்று கேட்கிறான். கோகு திரும்ப உயிரோடு வந்து பக்கத்தில் நிற்கிற காலம் அது. தகப்பன் உடுப்பு இருக்க, பொடியன் வாத்தியார் உடுப்பைக் கேட்கிறான், போர்வையோடு. பிக்கோலோ அதையும் ஒரு பெரிய விசயமாகக் காட்டிக்கொள்ளாமல் செய்து கொடுக்கிறான்.

பிறகு போட்டியில் கோகு மகனைத் தனியாக அந்த அரக்கனுக்கு முன்னால் அனுப்புகிறான். போதாததற்கு, எதிரி களைத்திருக்கிறான் என்று அவனுக்கும் ஒரு அவரை விதையை எறிகிறான். கோபம் வந்தால் கோஹானின் சக்தி வெளியே வரும் என்பது அவனுடைய கணக்கு. பொடியன் அடிவாங்கிக்கொண்டு இருக்கிறான். அப்போது கோகுவை ஏசுகிறவன் பிக்கோலோ. அவன் உன்னைப்போல் சண்டையை விரும்புகிறவன் இல்லை, அவன் ஒரு சின்னப் பிள்ளை, அவன் மனதில் இப்போது கோபம் இருக்காது, அப்பா ஏன் என்னைக் காப்பாற்ற வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பான் என்கிறான். கோகுவுக்கு அதற்குப் பிறகுதான் உறைக்கிறது.

ஒருகாலத்தில் அந்தப் பிள்ளையை ஆயுதமாக மட்டும் பார்த்துக் காட்டில் விட்டவன் இவன். அத்தனை பலசாலிகளுக்குள்ளே அதைப் பிள்ளை என்று பார்த்தவனும் இவன்தான். நாப்பாவுக்கு முன்னால் உயிரைக் கொடுத்ததை விட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். குண்டுக்கு முன்னால் பாய்வது ஒரு நொடி. ஒரு பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க, வருசக்கணக்காகக் கூட இருந்து கவனித்திருக்க வேண்டும். தகப்பனுக்கே அது தெரியாமல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், என் தொழிலோடு ஒட்டியதால். 2022ல் வந்த டிராகன் பால் படத்தில் கோஹானுக்கே ஒரு மகள் இருக்கிறாள், பான் என்று பெயர், மூன்று வயது. கோஹான் ஆராய்ச்சியில் மூழ்கிப்போய் இருக்க, பிள்ளையைப் பாலர் பாடசாலையில் இருந்து கூட்டிவர முடியுமா என்று தாய் கேட்பது பிக்கோலோவிடம். அவன் கோஹானைப் போய் நன்றாக ஏசிவிட்டு, பிள்ளையைக் கூட்டிவரப் போகிறான். பிசாசு ராசாவின் வாரிசு, பாலர் பாடசாலை விடுகிற நேரத்தை ஞாபகத்தில் வைத்திருக்கிறான். கார்ட்டூன் தொடரில் கோகுவும் பிக்கோலோவும் சாதாரண உடுப்பில் வாகனம் ஓட்டப் பழகப் போகிற ஒரு பாகமும் உண்டு. அது மங்காவில் இல்லை. எங்கள் வேனில் அதற்குப் பெரிய மவுசு.

இனிப் புத்தகமாகப் பார்த்தால். தாள் மலிவு, செய்தித்தாள் ரகம். வெள்ளவத்தைக் கடல் காற்றுக்கு ஓரம் சீக்கிரமே பழுப்பாகிறது. மூன்று தொகுதியை ஒன்றாகக் கட்டியதால் நடுமடிப்பில் சில படங்களின் ஓரம் உள்ளே போய்விடுகிறது. முழுதாக விரித்தால் முதுகுப் பசை வெடிக்கும். டாஷ்போர்டில் வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். ஜப்பானில் வார இதழில் வண்ணத்தில் வந்த பக்கங்கள் இதில் சாம்பலாக அச்சாகியிருக்கின்றன, அது ஒரு குறைதான். வலப் பக்கத்தில் இருந்து இடப் பக்கம் வாசிக்க வேண்டும். பெரிய ஆட்களுக்குத்தான் கொஞ்சம் தடுமாற்றம், பிள்ளைகள் ஐந்து நிமிசத்தில் பழகிவிடுவார்கள். ஆங்கிலம் எளிமையானது, ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தாராளமாக விளங்கும்.

எனக்கு ஒரு புத்தகம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்தது. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். போட்டோகொப்பி எடுத்து அடித்தது. மெல்லிய கோடுகள் எல்லாம் அழிந்துபோய் இருந்தன, பிக்கோலோவின் முகத்தில் கண்ணே ஒழுங்காக விழவில்லை. முகத்தில் ஒரு சின்னக் கோடு அசைவதை வைத்து எல்லாம் சொல்லுகிற ஆளை அப்படி வாசித்துப் பிரயோசனம் இல்லை. காசு சேர்த்து நல்ல பிரதியை வாங்குங்கள், இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க: சண்டையில் இரத்தம் இருக்கிறது, பிக்கோலோவின் கை ஒன்று பிய்ந்து போவதும் வரைந்திருக்கிறது, பிறகு அது முளைக்கும் என்றாலும். முதல் சில புத்தகங்களில் கோகுவின் குருவான ஆமைக் கிழவரின் ஆபாசப் பகிடிகள் வேறு வரும். அதனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவதில் இருந்து தொடங்காமல் ஆறாவதையே கொடுக்கலாம், கதை விளங்கும். முட்டையில் இருந்தே பிக்கோலோவைத் தெரிய வேண்டும் என்கிறவர்கள் ஐந்தாவதையும் சேர்த்து எடுங்கள். ஆறாவதை மட்டும் வாங்காதீர்கள். கதையின் நடுவிலேயே அது நின்றுவிடும், அடுத்ததைத் தேடி அன்றைக்கே கடைக்கு ஓட வேண்டி வரும்.